கழுகின் சிறுநீரகமும் உங்கள் வீட்டு மாடும்

அன்புள்ள ஐயா,

பாறு கழுகுகள் அழிந்தது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மாட்டுக்குப் போட்ட வலி ஊசிதான் காரணம் என்றால், அதைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை வருஷம் ஆனது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன மாதம் எங்கள் கறவை மாடு ஒன்று திடீரென்று செத்துப்போனது. டாக்டர் அறுத்துப் பார்க்கலாம் என்றார். அப்பா சம்மதிக்கவில்லை. "லட்சுமியாக நின்ற மாடு, அதைப் போய்க் கூறுபோடுவதா" என்றார். செத்த உடம்பில் எதைக் கண்டு இனி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தோன்றியது.

வாசகர், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. கழுகு விஷயத்தில் வருஷங்கள் கழிந்ததற்கு ஒரு பெரிய காரணம், அறுத்துப் பார்க்கும் நிலையில் உடல்கள் கிடைக்காததுதான்.

1990களின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் இந்தச் சரிவைக் கவனித்துப் பதிவு செய்தார். கழுகுகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தன, பிறகு செத்து விழுந்தன. இப்படிக் கூட்டம் கூட்டமாகச் செத்தால் தொற்றுநோய் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். வைரஸைத் தேடினார்கள். ஆனால் நம் வெயிலில் செத்த பறவையின் சிறுநீரகம் வெகு சீக்கிரம் கூழாகிவிடும். அதன்பின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும், உயிரோடு இருந்தபோதே கெட்ட செல் எது, செத்தபின் அழுகிய செல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாகிஸ்தானின் பஞ்சாபில் 2000இலிருந்து அமெரிக்கக் கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸின் குழுவினர் இறந்த கழுகுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். 259 பறவைகளில் 219க்கு ஒரே மாற்றம். வயிற்றைத் திறந்தால் ஈரல் மேலும் இதய உறை மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம், சிறுநீரகம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அத்தனையும் யூரிக் அமிலம். பறவைகள் நம்மைப்போல் யூரியாவாக அல்ல, யூரிக் அமிலமாகவே கழிவை வெளியேற்றுகின்றன. அதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சிறுநீரக நுண்குழாய்கள் செத்துவிட்டால் அமிலம் ரத்தத்தில் ஏறி, கடைசியில் உறுப்புகளின் மேலேயே படிந்துவிடும். சாதாரணமாகத் திசுவை ஃபார்மலினில்தான் போட்டு வைப்போம். அதிலுள்ள தண்ணீரில் இந்தப் படிகங்கள் கரைந்து, கண்ணாடித் தகட்டில் ஊசி வடிவத்தில் வெற்றிடங்கள் மட்டும் மிஞ்சும். படிகத்தையே பார்க்க வேண்டுமானால் ஒரு துண்டை ஆல்கஹாலில் போட வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஆனால் சிறுநீரகம் கெட்டது என்பது பாதி விடைதான். எது கெடுத்தது? கிருமிகள், பூச்சிக்கொல்லி, கன உலோகங்கள் எல்லாவற்றையும் சோதித்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. அப்போதுதான் ஓக்ஸ் கேள்வியை மாற்றினார். கழுகு தின்பது செத்த மாட்டையும் எருமையையும். அப்படியானால் மாட்டின் உடம்புக்குள் போவது என்ன? ஊர் ஊராகக் கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, வாய்வழியே உடம்பில் சேரக்கூடியது என்று வடிகட்டியபோது டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து மட்டும்தான் மிஞ்சியது. வெள்ளைப் படலம் இருந்த 25 கழுகுகளின் சிறுநீரகத்திலும் அந்த மருந்து இருந்தது. படலம் இல்லாத 13இல் ஒன்றில்கூட இல்லை. 2004இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது.

2006இல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கென விற்ற அதே மருந்தைப் பெரிய குப்பியாக வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் குப்பி 3 மில்லிக்கு மிகக்கூடாது என்று ஆணை வந்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கழுகுக்குக் கேடான வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றை மாட்டுக்குப் போடத் தடை வர 2023 ஆகிவிட்டது. இந்தத் தாமதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பறக்கும் பாறுகள் உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இப்போது உங்கள் மாடு. அப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுத்தறியில் மற்ற மாடுகள் நிற்குமே. திடீர்ச் சாவுக்கு உங்கள் பக்கத்தில் ஒரு முக்கியக் காரணம், மழை இல்லாமல் வாடிய இளம் சோளப்பயிர். அதில் சயனைடு சேரும். அதில் செத்த மாட்டின் திசுவில் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. இரைப்பையில் உள்ளதை உடனே எடுத்து அனுப்பினால்தான் தெரியும். தெரிந்திருந்தால் அடுத்த மாட்டை அந்தக் காட்டில் மேயவிடாமல் இருந்திருக்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருரத்தம் வடிந்திருந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். அந்த உடலை யாரும் கத்தி வைத்துத் திறக்கக்கூடாது. காது ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தைத் தகட்டில் பூசிப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டும். இதை டாக்டர் சொல்வார், சொல்வதைக் கேளுங்கள்.

மற்றபடி, வெயில் ஏறுமுன் டாக்டரைக் கூப்பிடுங்கள். நுண்ணோக்கிக்குப் போகும் திசுவை ஐஸில் உறைய வைக்காதீர்கள், செல் உடைந்துவிடும். விரல் கனத்துக்கும் குறைவான துண்டுகளாக, பத்து மடங்கு ஃபார்மலினில் போட வேண்டும். நஞ்சைத் தேட அனுப்புவதைத்தான் உறைய வைக்க வேண்டும். இனி மாட்டுக்கு வலிக்கோ காய்ச்சலுக்கோ ஊசி போடும்போது, கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்ஸிகாம் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வேறு வலி ஊசி போட்ட சில நாளில் மாடு செத்தால், உடலைக் காட்டோரம் போடாமல் ஆழக் குழிவெட்டிப் புதைத்துவிடுங்கள்.