வாசகர் கேள்வி – பதில்: குதிரையில் வந்தவர்களின் அழைப்பு

கேள்வி (மதுரை வாசகி): எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை அண்மையில்தான் படித்தேன். டெய்சி கேட்ஸ்பியைக் காதலித்தாளா, பணத்தை மட்டும்தான் காதலித்தாளா? படித்தவர்கள் எல்லோரும் அவளைத் திட்டுகிறார்கள். எனக்கு அவ்வளவு எளிதில் திட்டத் தோன்றவில்லை.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், கையில் காசில்லாத இளம் ராணுவ அதிகாரி கேட்ஸ்பியும் செல்வந்தர் வீட்டுப் பெண் டெய்சியும் காதலிக்கிறார்கள். அவன் போருக்குக் கப்பலேறுகிறான். அவன் திரும்பி வருவதற்குள், 1919 ஜூன் மாதத்தில், சிகாகோவின் பெரும் பணக்காரனான டாம் புக்கானனை அவள் மணந்துகொள்கிறாள். 1922 கோடையில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், விரிகுடாவின் எதிர்க்கரையில் அவள் வீட்டு விளக்கு தெரியும் இடத்தில் மாளிகை வாங்கிக் குடியேறியிருக்கும் கேட்ஸ்பி, அவளை மீண்டும் அடைய முயல்வதுதான் கதை. நமக்கு அதைச் சொல்பவன் டெய்சியின் உறவினனான நிக் கேரவே.

திருமணத்துக்கு முந்தைய மாலையை மறுபடி படித்துப் பாருங்கள். மூன்றரை லட்சம் டாலர் மதிப்புள்ள முத்துமாலையை மணமகன் பரிசளித்திருக்கிறான். அந்த மாலையைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அதற்கு முன் மதுவைத் தொட்டே அறியாத டெய்சி, குடித்துவிட்டு ஒரு கடிதத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி அழுகிறாள். மாலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், என் மனம் மாறிவிட்டது என்கிறாள். தோழியும் பணிப்பெண்ணும் அவளைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் உட்கார வைக்கிறார்கள். நீரிலும் அவள் கடிதத்தை விடுவதில்லை; அது நைந்து துண்டு துண்டாகப் பிரிவதைக் கண்ட பிறகுதான் சோப்புத் தட்டில் வைக்க விடுகிறாள். அரை மணி நேரத்தில் முத்துமாலை கழுத்தில் ஏறிவிடுகிறது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் திருமணம். கடிதம் யாருடையது என்று நாவல் வெளிப்படையாகச் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. காதல் இல்லாதவளுக்கு அந்த மாலை நேரம் நேர்ந்திருக்காது.

இளவயதில் இந்த நாவலைப் படித்தபோது நானும் டெய்சியைத்தான் குற்றம் சொன்னேன். பின்னர் படித்தபோது, பிளாசா ஹோட்டல் அறையில் கேட்ஸ்பி அவளிடம் கேட்பது எவ்வளவு கொடுமையானது என்பது உறைத்தது. டாமை ஒரு நாளும் நேசித்ததில்லை என்று அவள் சொல்ல வேண்டும், நடந்துபோன ஐந்து ஆண்டுகள் இல்லாமல் ஆக வேண்டும் என்று அவன் வற்புறுத்துகிறான். அவனையும் ஒரு காலத்தில் நேசித்தேன், உன்னையும் நேசித்தேன் என்று அவள் அழுதுகொண்டே சொல்வதை நான் நேர்மையான பதிலாகவே எடுத்துக்கொள்கிறேன். அன்று இரவு அவள் ஓட்டிச் சென்ற கார் ஒரு பெண்ணை மோதிக் கொல்கிறது. அந்தப் பழியைக் கேட்ஸ்பி சுமக்கட்டும் என்று அவள் வாய் மூடி இருந்துவிடுகிறாள். அந்த இடத்தில்தான் அவள்மீதான என் பரிவு நின்றுபோகிறது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): கேட்ஸ்பியிடமும் மாளிகை, கார், வேலைக்காரர்கள் என எல்லாம் இருக்கின்றன. பிறகும் ஏன் டாமின் கூட்டம் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை?

பதில்: இதற்கான விடை ஆறாம் அத்தியாயத்தில், பலரும் வேகமாகக் கடந்துவிடும் இரண்டே பக்கங்களில் இருக்கிறது. குதிரைச் சவாரிக்கு வந்த டாமும், ஸ்லோன் என்ற நண்பரும், ஒரு பெண்மணியும் தாகத்துக்கு ஏதேனும் குடிக்கக் கேட்ஸ்பியின் வீட்டில் இறங்குகிறார்கள். அவன் பரபரப்பாக உபசரிக்கிறான், இரவு உணவுக்கு இருந்துவிட்டுப் போகச் சொல்கிறான். அந்தப் பெண்மணி, நீங்கள்தான் என் வீட்டு விருந்துக்கு வர வேண்டும் என்று பதிலுக்கு அழைக்கிறார். நிக் உடனே மறுத்துவிடுகிறான். கேட்ஸ்பிக்கோ போக ஆசை. என்னிடம் குதிரை இல்லை, காரில் பின்தொடர்ந்து வருகிறேன் என்று சொல்லி உள்ளே போகிறான். இந்த ஆள் உண்மையாகவே வரப்போகிறானே, அவளுக்கு இவன் வருவதில் விருப்பமில்லை என்பதுகூட இவனுக்குப் புரியவில்லையா என்று டாம் வியக்கிறான். கையில் தொப்பியும் மேலங்கியுமாகக் கேட்ஸ்பி வாசலுக்கு வரும் வேளையில், குதிரைகள் மரங்களுக்கு அப்பால் மறைந்துகொண்டிருக்கின்றன.

இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது. வாயால் ‘வாருங்கள்’ என்று சொல்லப்படும் ஓர் அழைப்பில், ‘வராதீர்கள்’ என்ற பொருளை உடனே கேட்டுக்கொள்ளும் காது, பிறந்து வளர்ந்த வீட்டில் பழகிப் பழகி வருவது. வடக்கு டகோட்டாவில் பிழைக்கத் தெரியாத விவசாயிகளின் மகனாகப் பிறந்து, பதினேழு வயதில் தன் பெயரையே மாற்றிக்கொண்டு, ஒரு கோடீசுவரரின் உல்லாசப் படகில் நடையுடை கற்றுக்கொண்டவனுக்கு அது வாய்க்கவில்லை. விரிகுடாவின் கிழக்குக் கரையில் பரம்பரைப் பணக்காரர்களும், மேற்குக் கரையில் புதுப் பணக்காரர்களும் வாழ்வதாக நாவல் பிரித்துக் காட்டுவது, இரு கரையாரிடமும் பணம் இருந்தும் ஒருவர் மொழி மற்றவருக்கு வராது என்பதால்தான். கேட்ஸ்பி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் என்று சொல்லப்படும்போது டாம் அதை மறுக்கத் தேடிப் பிடிக்கும் சான்று, அவன் அணிந்திருக்கும் இளஞ்சிவப்பு நிற சூட்!

ஒன்றே ஒன்று மட்டும் கேட்ஸ்பியின் காதில் துல்லியமாக விழுகிறது. டெய்சியின் குரலில் இருக்கும் மயக்கம் என்னவென்று நிக் தடுமாறும்போது, அவள் குரல் முழுக்கப் பணம் என்கிறான். இதைக் காதலின் குறையாக நான் நினைக்கவில்லை. அவளையும் அவளைச் சூழ்ந்த கவலையற்ற வாழ்வையும் அவனால் வேறு வேறாகப் பார்க்கவே முடிந்ததில்லை.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): கேட்ஸ்பி எப்படித்தான் அவ்வளவு சம்பாதித்தான்?

பதில்: 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. மருந்துக் கடைகளை வாங்கி, அவற்றின் வழியாகச் சாராயம் விற்றான் என்று டாம் விசாரித்து அறிந்து வெளிப்படுத்துகிறான். திருட்டுக் கடன் பத்திரங்களில் அவனுக்குத் தொடர்பு இருந்தது என்பதும் நாவலின் இறுதிப் பகுதியில் ஒரு தொலைபேசி அழைப்பால் தெரிகிறது.

கேள்வி (சேலம் வாசகி): வில்சன் தம்பதியைப் பற்றி யாரும் பேசுவதில்லையே, ஏன்?

பதில்: எனக்கும் அந்த வருத்தம் உண்டு. மாளிகைகளுக்கும் நியூயார்க் நகரத்துக்கும் நடுவே நாவல் ஒரு சாம்பல் பள்ளத்தாக்கை வைக்கிறது. அது குவீன்ஸ் பகுதியில் உண்மையாகவே இருந்த கொரோனா சாம்பல் மேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதே இடத்தைச் சமப்படுத்தித்தான் 1939-இல் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அங்கே கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் ஜார்ஜ் வில்சன். அவர் மனைவி மிர்ட்டில், டாமின் ஆசைநாயகி.

கணவரை வெறுக்கத் தொடங்கிய நாளைப் பற்றி மிர்ட்டில் சொல்வது மறக்க முடியாதது. திருமணத்துக்கு அவர் அணிந்திருந்த நல்ல உடை இரவல் வாங்கியது என்பது, உடைக்குச் சொந்தக்காரர் ஒரு நாள் வந்து கேட்ட பிறகே அவளுக்குத் தெரிகிறது. அன்று பிற்பகல் முழுக்கப் படுத்து அழுகிறாள். கேட்ஸ்பியும் டெய்சியின் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது, எல்லா இளைஞர்களையும் ஒரே தகுதியில் காட்டிய ராணுவச் சீருடையில்தானே! இரவல் உடையில் காதலைத் தேடிப் போன இருவருமே நாவலின் முடிவில் உயிரோடு இல்லை. டெய்சியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்காக டாம் மிர்ட்டிலின் மூக்கை உடைக்கிறான். டெய்சி ஓட்டிய காரில் அடிபட்டு அவள் இறக்கிறாள். கார் யாருடையது என்று தேடிவரும் வில்சனுக்கு டாம் கேட்ஸ்பியைக் கைகாட்டிவிட, கேட்ஸ்பியைச் சுட்டுவிட்டு வில்சன் தன்னையும் மாய்த்துக்கொள்கிறார். இதற்குள் டெய்சியும் டாமும் பெட்டி படுக்கையோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். முகவரிகூட விட்டுச் செல்லவில்லை.

கேள்வி (தஞ்சாவூர் கல்லூரி மாணவர்): இது ஆசிரியரின் சொந்தக் கதையா? வெளிவந்த உடனே நன்றாக விற்றதா?

பதில்: ஒரு பகுதி சொந்தக் கதை. அலபாமா மாநில நீதிபதியின் மகள் ஸெல்டா சேயர், ஃபிட்ஸ்ஜெரால்டின் வருமானத்தை நம்ப முடியாமல் 1919-இல் திருமண நிச்சயத்தை முறித்துக்கொண்டார். 1920 மார்ச் இறுதியில் முதல் நாவல் வெளிவந்த சில நாட்களில், ஏப்ரல் 3 அன்று, இருவருக்கும் திருமணம் நடந்தது. ஆனால் அந்தக் காயம் ஆறவில்லை. ஓராண்டு கழித்துச் சட்டைப்பையில் காசு குலுங்க அந்தப் பெண்ணை மணந்த மனிதனுக்குச் செல்வர் வகுப்பின்மீது ஒரு விவசாயியின் கனன்றுகொண்டிருக்கும் வெறுப்பு எப்போதும் இருந்தது என்று 1936-இல் எழுதிய கட்டுரையொன்றில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

விற்பனை அவரை ஏமாற்றியது. 1925 ஏப்ரலில் முதற்பதிப்பாக ஏறத்தாழ 21,000 படிகளும், அதே ஆண்டு ஆகஸ்டில் மேலும் 3,000 படிகளும் அச்சாயின. 1940 டிசம்பரில், 44 வயதில் அவர் இறந்தபோது, அந்த இரண்டாம் அச்சின் படிகள் சில பதிப்பகத்தின் கிடங்கிலேயே இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தினருக்கென்று அச்சிட்டு இலவசமாக வழங்கிய நூல்களின் வரிசையில் இதுவும் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 1,55,000 படிகள், கேட்ஸ்பியைப் போலவே சீருடையில் கடல் கடந்து போன இளைஞர்களின் கைகளுக்குச் சென்றன.