முத்துலட்சுமிக்கு எத்தனை எழுத்து? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில், சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கிக்கு ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. நான் ஒரு நாள் உட்கார்ந்து எழுதுவதை இப்போது ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதிவிடுகிறது. நிர்வாகப் பக்கம் போவதா, ஊருக்கே திரும்பிவிடுவதா என்று குழப்பம். பி.ஆர். (நிரந்தரவாசம்) இன்னும் கிடைக்கவில்லை. தமிழில் வாசிப்பதுதான் ஒரே ஆறுதல். ஆனால் தமிழுக்கும் என் தொழிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

ம., பொங்கோல்

அன்புள்ள ம.,

பி.ஆர். பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க மனிதர்களோடு பேசப் பிடிக்குமென்றால் நிர்வாகத்துக்குப் போங்கள். உங்கள் பயம் புரிகிறது. மாத வாடகையும் ஊருக்கு அனுப்பவேண்டிய பணமும் இருக்கும்போது தூக்கம் எப்படி வரும்?

ஆனால் அந்தக் கடைசி வரி கோபத்தைக் கிளப்பிவிட்டது. தமிழுக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள சம்பந்தத்தைத்தான் கொஞ்ச நாளாக நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்து கடிதம் அனுப்பினீர்களே, அந்த வசதி தானாக வந்ததா? தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, தமிழ் மின்னஞ்சலைத் திறந்தால் திரை முழுக்க ஐரோப்பிய எழுத்தும் கேள்விக்குறியுமாக இருக்கும். அனுப்பியவரின் எழுத்துருவைத் தேடி இறக்கினால்தான் படிக்க முடியும். இதையெல்லாம் சரிசெய்ய உழைத்தவர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர், நா. கோவிந்தசாமி. தமிழாசிரியர், சிறுகதை எழுதியவர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழ் ஏறியது அவரால். 1997இல் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. 1999இல் அவர் காலமானார். நீங்கள் இருக்கும் தீவின் கதை இது. ஒன்பது வருடத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லையா, நீங்களும் தேடவில்லையா?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மூத்தோர் நிகழ்ச்சி ஒன்றுக்குத் தமிழில் பெயரட்டை அச்சடித்தார்கள். ஒரு பாட்டியின் அட்டையில் 'முத்துலட்ச' என்று வந்திருந்தது. பாட்டி யாரையும் திட்டவில்லை. என் கையிலிருந்த பேனாவை வாங்கி, கடைசி 'ச'வை 'சு' ஆக்கி, 'மி'யையும் நிதானமாக எழுதிச் சேர்த்துக்கொண்டு உள்ளே போனார்.

எங்கே போயின அந்த எழுத்துகள்? உங்கள் தொழில்தானே, கணக்குப் போடுங்கள். முத்துலட்சுமி நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் உகர, இகரக் குறிகளும் புள்ளியும் தனித்தனி என்பதால் 13 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் (கணினி நினைவக அளவு) இடம் பிடிக்கும், ஆக 39. பெயருக்கு 30 பைட் போதும் என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதே பெயர் 12 பைட்தான். அதனால் எந்தச் சோதனையிலும் கோளாறு தெரியவில்லை. பத்தாவது குறியீட்டோடு பாட்டியின் பெயரை வெட்டியாகிவிட்டது. குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறியீடு.

நீங்கள் பயப்படும் ஏஐக்குள்ளும் இது இருக்கிறது. அது எதையும் துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தைப் படித்து வளர்ந்ததால், தமிழ்ச் சொல்லை ஆங்கிலச் சொல்லைவிடப் பொடிப்பொடியாக நறுக்குகிறது. கட்டணம் துண்டுக் கணக்கில் என்பதால், அதே கேள்வியைத் தமிழில் கேட்டால் பொதுவாகச் செலவு கூடுகிறது. இது அநியாயம். இதைச் சரிசெய்யத் தமிழும் தெரிந்து நிரலும் தெரிந்த ஆள் வேண்டும். நீங்களோ சம்பந்தமில்லை என்று பொங்கோலில் உட்கார்ந்து வருத்தப்படுகிறீர்கள்!

பெயரைச் சேமிக்க ஒரு களம் (தரவுத்தளத்தில் ஓர் இடம்) வேண்டும் என்றால் ஏஐ நொடியில் எழுதித் தரும். அதில் யாருடைய பெயரெல்லாம் ஏறப்போகிறது என்று அதற்குச் சொல்லவேண்டியவர் நீங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவரை அவ்வளவு சுலபமாக யாரும் அனுப்பிவிட மாட்டார்கள் தம்பி.

ஊருக்குத் திரும்புவதை அப்புறம் யோசிக்கலாம். திங்கட்கிழமை அலுவலகம் போனதும், சோதனைத் தரவுத்தளத்தில் உங்கள் அம்மாவின் பெயரைத் தமிழில் போட்டுப் பாருங்கள். வெட்டுப்பட்டால் நிரலின் எந்த அடுக்கில், எந்த வரியில் என்று தேடிப் பிடியுங்கள். அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா