வேலை பார்த்துக்கொண்டே கொரிய மொழி: எங்கே சறுக்கும்?

முப்பது வயதில் கொரிய மொழி படிக்கத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் 'ஆறே மாதத்தில் சரளம்' என்ற விளம்பரத்தை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். கொரியப் பல்கலைக்கழக மொழி மையங்களில் ஒரு நிலைக்குப் பொதுவாக 10 வாரம், 200 மணி நேரம். மொத்தம் 6 நிலைகள். மூன்றாம் நிலையை முடிக்க வகுப்பு மட்டுமே 600 மணி நேரம் ஆகிறது. வாரம் 9 மணி நேரம் ஒதுக்குபவருக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் வருடம். வீட்டுப்பாடம் தனி.

தொடக்கம் உற்சாகமாகவே இருக்கும். கொரிய எழுத்துமுறையான ஹங்குலில் அடிப்படை மெய் 14, உயிர் 10. ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். வினை கடைசியில் வரும், உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும், 'நான் படித்த புத்தகம்' என்ற அமைப்பு அப்படியே அங்கும் உண்டு. தமிழருக்கு இது பெரிய அனுகூலம். முழு மொழியும் இதே வேகத்தில் வசப்படும் என்று பலர் தப்புக்கணக்குப் போடுவதும் இதனால்தான்.

முதல் சிக்கல் ஒலி. நிலா, மகள், முகமூடி மூன்றுக்குமான கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே 'தல்' ஆகிவிடும். அங்கே முதலெழுத்து மூன்றிலும் வேறு: ஒன்று இயல்பானது, ஒன்று இறுக்கமானது, ஒன்று மூச்சோடு வருவது. எனவே நோட்டில் உச்சரிப்பைத் தமிழில் குறித்துவைக்கும் பழக்கத்தை முதல் வாரத்தோடு நிறுத்துங்கள். வாய்க்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். முகமூடிக்குத் தாள் நன்றாக அசைய வேண்டும், மகளுக்கு அசையக் கூடாது. நிலாவுக்கு ஓரளவு அசையலாம். ஆனால் குரல் தாழ்ந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது காது. 'ஹப்னிதா' என்று எழுதியிருப்பதை 'ஹம்னிதா' என்றுதான் சொல்வார்கள். 'ன'வுக்கு முன் வரும் 'ப்' மெல்லினமாகிவிடும். இப்படி மாறும் இடங்கள் ஏராளம் என்பதால் கண்ணுக்குத் தெரிந்த சொல்லும் காதுக்குப் புதிதாகிவிடுகிறது. பெரியவர்கள் புத்தகத்தையே நம்பிப் படிப்பதால் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். தினமும் அரை நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள், மூலத்தோடு ஒப்பிட்டு மாறிய இடங்களில் கோடிடுங்கள், பிறகு கூடவே சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது.

எண்களில் இரண்டு வரிசை உண்டு. மணிக்குக் கொரிய எண், நிமிடத்துக்குச் சீன வழி எண்: மூன்றரை மணி என்றால் 'செ ஷி சாம்ஷிப் புன்'. இது பழக்கத்தால் சரியாகிவிடும். மரியாதை விஷயம் அப்படியல்ல. நாடகம் பார்த்துப் படித்தவர்கள் நண்பர்களுக்குள் பேசும் 'பன்மல்' நடையை மேலதிகாரியிடம் கொட்டிவிடுகிறார்கள். அலுவலகத்தில் 'நீங்கள்' என்பதற்கு நேரான சொல்லைத் தேடவே வேண்டாம். பதவிப் பெயரோடு 'நிம்' சேர்த்து அழையுங்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கொரிய நிறுவனங்களில் வேலை தேடுவதானால் இதை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

கொரிய மொழித் திறனைச் சோதிக்கும் டோபிக் தேர்வில் பலர் நின்றுபோவது இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நடுவில். காகிதத்தில் நடக்கும் தேர்வில், முதல் இரண்டு நிலைகளுக்கான முதல் தாளில் கேட்டல் 30, வாசித்தல் 40 கேள்விகள். எழுத்துப் பகுதி கிடையாது. 200க்கு 140 எடுத்தால் இரண்டாம் நிலை. இரண்டாம் தாளில் 300க்கு 120 எடுத்தால் மூன்றாம் நிலை கிடைக்கும். மதிப்பெண் சிறிதாகத் தெரிந்தாலும் அதில் 600 முதல் 700 எழுத்து வரை ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். இரண்டாம் நிலை முடிந்ததுமே வாரம் ஒரு கட்டுரை எழுதித் திருத்தி வாங்குங்கள்.

இரண்டாம் நிலைச் சான்றிதழை வைத்து மொழிபெயர்ப்பாளர் வேலை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பொறியியல் அல்லது கணக்கியல் அனுபவத்தோடு சேரும்போதுதான் அதற்கு மதிப்பு. மேற்படிப்புக்குக் கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையில் போகிறவர்களுக்கு முதல் வருடம் அங்கேயே மொழிப் பயிற்சி உண்டு. மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியும். டோபிக் முடிவு 2 ஆண்டுகள்தான் செல்லும் என்பதால், விண்ணப்பிக்கும் மாதத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தேர்வுக்குப் பதியுங்கள்.