ராகி களத்துல இருக்கு, மழை வருமா வராதா?

கேள்வி: போன்ல மழை இல்லைன்னு காட்டுச்சு, நம்பி ராகிய களத்துல காயப்போட்டேன். சாயங்காலம் கொட்டித் தீர்த்துடுச்சு, தார்ப்பாய் போடக்கூட நேரமில்ல. வெளிநாட்டுல மணிக்கணக்கா சொல்றாங்களாமே, நமக்கு ஏன் முடியல?
வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: அண்ணே, நனைஞ்ச ராகி முளைவிட்டு நிக்கிறத பாத்தவன் நான், உங்க வலி புரியுது. குளிர் நாடுகள்ல குளிர்காத்தும் சூடுகாத்தும் மோதி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மழை வரும், ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சிடும். நம்ம பக்கம் அப்படியில்ல, மத்தியானம் தரை சூடேறி ஒரு மணி நேரத்துல மேகம் திரண்டு சில கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும் கொட்டிட்டு போயிடும், அஞ்செட்டில ஓடை ஓடும், உங்க ஊர்ல புழுதி பறக்கும். மழைய முன்கூட்டி கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல் நாட்டையே கட்டம் கட்டமா பிரிச்சுதான் கணக்கு போடுது. முன்ன கட்டம் 12 கிலோமீட்டர், 2025 மே மாசம் வந்த பாரத் போர்காஸ்ட் சிஸ்டத்துல 6 கிலோமீட்டர், புனேல உருவாக்கினது. பெரிய முன்னேற்றம்தான், ஆனா நம்ம இடிமேகம் அந்த கட்டத்துக்கும் சின்னது, அதனால கணக்குல சரியா சிக்காது.

பெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? கரைய கடந்து வலுவிழந்த பிறகுதான் 2024 டிசம்பர்ல நம்ம மாவட்டத்து ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. எந்த ஊர்ல கொட்டும்னு முன்கூட்டி சொல்றது அவ்வளவு கஷ்டம். அதனால நமக்கு மழைமேகம் எங்க இருக்குன்னு காட்டுற ரேடாரும் ஊருக்கு ஊரு மழைமானியும் கட்டாயம் வேணும், அதை கேட்டு வாங்கணும்.

இப்போதைக்கு காலைல பாத்ததோட விடாதீங்க, வானிலை மையம் அடுத்த 3 மணி நேரத்துக்குன்னு மாவட்ட வாரியா சொல்றத மத்தியானமும் பாருங்க. இடி மின்னலுக்கு தாமினி ஆப் இருக்கு.