கூகுளுக்கு விதித்த அபராதத்தில் எனக்கும் பங்கு வருமா?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனில் குரோம் பிரவுசரை நீக்க முடியவில்லை. இப்படிக் கட்டாயப்படுத்தியதற்காகக் கூகுளுக்கு அபராதம் விதித்துவிட்டார்களாம். வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடு உண்டாம். படிவம் நிரப்பித் தர 2,500 ரூபாயும் ஆதார் நகலும் கேட்கிறார் எங்கள் ஊர் இணைய மையத்துக்காரர். கொடுக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆதார் நகலைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். பணமாவது போனதோடு முடியும், நகல் எந்தக் கடனுக்குப் பயன்படும் என்று உங்களுக்குத் தெரியவே வராது.

அபராதம் என்னவோ உண்மைதான். போனோடு சேர்த்துத் தன் செயலிகளைத் திணித்து, குரோமுக்கு ஆதாயம் தேடிக்கொண்டதாக, சந்தையில் நிறுவனங்கள் நியாயமாகப் போட்டியிடுகின்றனவா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் முடிவு செய்து, 1,337.76 கோடி ரூபாய் விதித்தது. அந்தப் பணம் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். போன் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. அதற்கென்று படிவம் எங்கிருந்து வரும்?

இழப்பீட்டுக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. தரகர்கள் இதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள் என்பதால் விளக்கிவிடுகிறேன். போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவின்படி, விதிமீறல் நடந்ததென்று முடிவான பிறகு, பாதிக்கப்பட்டவர் டெல்லியில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். ஆனால் தனக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை அவர் நிரூபிக்க வேண்டும். குரோம் இருந்ததால் உங்களுக்கு எத்தனை ரூபாய் நஷ்டம்? உங்களால் சொல்ல முடியாது, தரகராலும் முடியாது. போட்டி பிரவுசரை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு இந்தப் பிரிவு பயன்படலாம், உங்களுக்கு அல்ல.

ஆணையத்திடம் முறையிட ஆள் பிடிக்கவும் தேவையில்லை. இந்த வழக்கே 2018-இல் சில இளைஞர்கள் சொந்தமாகக் கொடுத்த புகாரில் தொடங்கியதுதான். விசாரணைக்கு உத்தரவிட 2019, தீர்ப்புக்கு 2022. முன்பே நிறுவியிருக்கும் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் அதில் சொன்னார்கள். கூகுள் மேல்முறையீடு செய்ய, 2023 மார்ச்சில் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, அந்தக் கட்டளையை ரத்து செய்தது! மக்களுக்கு நேரடியாகக் கையில் கிடைத்திருக்கக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. செயலியை நீக்கும் ஒரு பொத்தானுக்காக இத்தனை ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சிலிருந்து புதுப் போனைத் திறந்தவுடன் எந்த பிரவுசர் வேண்டும் என்று பட்டியலே காட்டுகிறார்கள். இங்கே தேடுபொறிக்குத்தான் அப்படி ஒரு தேர்வு தருவதாகக் கூகுள் 2023-இல் அறிவித்தது.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது: பிளே ஸ்டோரிலிருந்து ஃபயர்பாக்ஸ், ஓபரா என்று விருப்பமானதை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் செயலிகள் பகுதிக்குள் போய், இயல்பான பிரவுசராக அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான போன்களில் அதே இடத்தில் குரோமை முடக்கியும் வைக்கலாம். 'குரோமை அடியோடு நீக்கித் தரும் செயலி' என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பை மட்டும் திறக்காதீர்கள்.