மாலை ஆறரை மணி வகுப்பில் சேரலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 47. திருவாரூரில் பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலாலும் சாப்பிடுகிறேன். எடை 68 கிலோ. முழங்காலில் லேசான வலி உண்டு. எங்கள் வீட்டுக்கு அருகில் பெண்களுக்கென்று ஒரு சிறிய ஃபிட்னஸ் ஸ்டூடியோ திறந்திருக்கிறார்கள். ஒரு வகுப்பில் 12 பேர். மாலை ஆறரை மணிக்கு ஜூம்பா நடனம், எடைப் பயிற்சி, வேக சைக்கிள் என்று மாற்றி மாற்றி 45 நிமிடம். கையில் பட்டை கட்டி, எல்லோருடைய இதயத் துடிப்பையும் திரையில் காட்டுகிறார்கள். கட்டணம் மாதம் 3,200 ரூபாய். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 27,000. மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறையும் என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால்தான் சலுகையாம். என் நாத்தனாருக்கு வயது 41. அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, மாத்திரை இல்லை. அவரும் சேர விரும்புகிறார். என் கணவரோ, "கமலாலயக் குளத்தைச் சுற்றி நட, காசாவது மிஞ்சும்" என்கிறார். சேரலாமா?

பதில்: சேருங்கள். ஆனால் வருடத்துக்குக் கட்டாதீர்கள். கட்டுவதற்கு முன் உங்கள் மாத்திரைகளின் பெயரை அந்தப் பயிற்சியாளரிடம் எழுதிக் கொடுங்கள். நாத்தனாருக்கு என் பதில் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று ஊரே பெருமையாகச் சொல்லும் குளம் அது. நான்கு கரையும் விறுவிறுவென்று சுற்றி வந்தால் இதயத்துக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. வேக நடை அதில் சேரும். அதே அறிவுரையில் இன்னொரு வரியும் உண்டு: வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அந்த வரியைத்தான் நாம் யாரும் காதில் வாங்குவதில்லை.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்குப் பெரிய கிடங்கு தசைதான். வேலை செய்யும் தசை, இன்சுலினின் அழைப்புக்குக் காத்திராமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள் வரை அந்தப் பலன் நீடிக்கும். நாற்பதைத் தாண்டினால் தசை கரையத் தொடங்குகிறது, மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பும் மெலிகிறது. நடை மட்டும் இவற்றைத் தடுத்து நிறுத்தாது. தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் நடக்கும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். பரிசோதனைக் கட்டிலிலிருந்து எழச் சொன்னால் இரண்டு கைகளாலும் விளிம்பை அழுத்திப் பிடித்து, ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் எழுகிறார்கள். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடைகளில் வலு குறைந்திருக்கிறது என்று பொருள்.

ஆகவே எடைப் பயிற்சி உங்களுக்குத் தேவை. முழங்கால் வலிக்கும் அதுவே மருந்து. தொடைத் தசை உறுதிப்பட்டால் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். இதை யாராவது அருகில் நின்று கற்றுத்தர வேண்டும். முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்து எப்படிக் குனிவது, முழங்கால் உள்பக்கம் சாயாமல் எப்படி உட்கார்ந்து எழுவது என்பதை வீடியோ சொல்லித்தராது. 12 பேர் மட்டுமே உள்ள வகுப்பின் உண்மையான லாபம் அது, பயிற்சியாளர் நிஜமாகவே பன்னிரண்டு பேரையும் பார்த்தால்.

"நட" என்று சொல்வது எளிது, அதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நடக்க எங்கே போவது? விளக்கு எரியாத தெருவில் நாய் துரத்தினால்? பள்ளி விட்டு வந்தவுடன் அடுப்படி அழைக்கிறது. நடையை நாளைக்குத் தள்ளிவைக்க ஆயிரம் காரணம் உண்டு, வீட்டில் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். "பணம் கட்டியிருக்கிறேன், போயாக வேண்டும்" என்று சொன்னால் அந்த ஒரு மணி நேரம் வீட்டாருக்குப் புரிகிறது. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வெளியே வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் வராவிட்டால் "ஏன் டீச்சர் வரல?" என்று கேட்க உடன் பயில்பவர்கள் இருப்பார்கள். இதற்காகவே மாதம் 3,200 கொடுக்கலாம் என்று நான் மனமாரச் சொல்வேன்.

இனி என்னைக் கவலைப்படுத்தும் விஷயம். பன்னிரண்டரைக்குப் பள்ளியில் சாப்பிடுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறரைக்கு வகுப்பு. நடுவில் ஒரு காபி. காலையில் விழுங்கிய கிளிமிபிரைடு மாலையிலும் வேலை செய்துகொண்டிருக்கும். அது சர்க்கரை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினை வெளியேற்றும் மாத்திரை. அதன்மேல் 45 நிமிடக் கடும் பயிற்சி சேர்ந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியலாம். சாதாரணமாக அப்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். உங்கள் மெட்டோபுரோலால் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். மிஞ்சுவது வியர்வை. வகுப்பிலோ எல்லோருமே வியர்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் முகம் வெளிறியிருப்பதும், பயிற்சியாளர் இடது என்றால் நீங்கள் வலது திரும்புவதும் அங்கே யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது.

எனவே ஐந்தரை மணிக்கு ஒரு வாழைப்பழமோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதல் இரண்டு வாரம் வகுப்புக்கு முன்னும் பின்னும் வீட்டுக் கருவியில் சர்க்கரையைப் பார்த்து எழுதுங்கள். முன்னால் 90-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிடாமல் தொடங்காதீர்கள். 250-ஐத் தாண்டி, உடம்பும் அசதியாக இருந்தால் அன்று வேண்டாம். பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலம் கட்டி வைத்திருங்கள். தலை லேசானால் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட்டும் பால்கோவாவும் அந்த நேரத்துக்கு உதவாது, அவற்றின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். "எடை குறைய வேண்டும்" என்று வகுப்பு முடிந்த இரவு பட்டினி கிடக்கவே கூடாது. தூக்கத்தில் சர்க்கரை இறங்கும். அளவுகள் தொடர்ந்து குறைந்தால் உங்கள் மருத்துவர் கிளிமிபிரைடைக் குறைப்பார். மாத்திரையைக் குறைக்க முடிவது நல்ல செய்திதான், ஆனால் அதை நீங்களாகச் செய்யக் கூடாது.

அந்த இதயத் துடிப்புத் திரையை நீங்கள் நம்ப வேண்டாம். 220-லிருந்து வயதைக் கழித்து, உங்களுக்கு உச்சம் 173 என்று அது கணக்குப் போடும். மெட்டோபுரோலால் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும் மருந்து. நீங்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பீர்கள், திரையோ "இன்னும் வேகமாக" என்று நிறம் காட்டும். இதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவு போதும். ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

வேக சைக்கிளை முதல் மாதம் தொடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். முப்பது வயதுகூட இராது, வேறு நோய் எதுவும் இல்லை. முதல் வகுப்பிலேயே 45 நிமிடமும் மற்றவர்களோடு போட்டி போட்டு மிதித்திருக்கிறார். மூன்றாம் நாள் தொடை வீங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். குப்பியில் அவர் கொடுத்த சிறுநீர் கடுங்காபி நிறத்தில் இருந்தது. பழக்கமில்லாத தசை அளவு மீறி உழைத்தால் சிதைந்து, அதன் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடும். நல்லவேளையாக, சில நாள் சலைன் ஏற்றியதில் பிழைத்துக்கொண்டார். பழக்கமற்றவர் முதல் நாளே உச்ச வேகத்தில் மிதிக்கும்போது இது நேர்வதை உலகெங்கும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீர் கருத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் வகுப்பை அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

பெண்கள் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூம்பாவில் குதிக்கும்போது சிலருக்குச் சிறுநீர் கசியும். பெரும்பாலும் பிரசவத்தில் தளர்ந்த இடுப்பு அடித்தசைகளே காரணம். வெட்கப்பட்டுக்கொண்டு வகுப்பையே விட்டுவிடுகிறார்கள், அல்லது தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். திருவாரூர் வெயிலில் அது இன்னும் கெடுதல். குதிக்கும் இடத்தில் குதிக்காமல் காலை மாற்றி வைத்து ஆடுங்கள், உங்கள் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. இடுப்பு அடித்தசைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள், பெரும்பாலானோருக்குக் குறையும்.

எட்டுக் கிலோ பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. உங்கள் எடையில் 45 நிமிட வகுப்புக்கு ஏறத்தாழ 300 கலோரி செலவாகும். வாரம் மூன்று நாள், 12 வாரம் என்றால் மொத்தம் 10,800. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. ஆக, சாப்பாட்டை மாற்றாமல் பயிற்சியால் மட்டும் ஒன்றரைக் கிலோகூட இறங்காது. எட்டுக் கிலோவை நம்பிப் போகிறவர், மூன்றாம் மாதம் எடைக்கருவியில் ஒன்றரையைப் பார்த்ததும் "எனக்கு ஒன்றும் பலிக்காது" என்று முடங்கிவிடுகிறார். அதற்குள் அவருடைய சர்க்கரை இறங்கியிருக்கும், இடுப்பில் புடவைக் கட்டு தளர்ந்திருக்கும். அதையெல்லாம் அவர் பார்ப்பதே இல்லை. எடை குறையவில்லை என்றதும் பொடி டப்பாவையோ கொழுப்பைக் கரைக்கும் மாத்திரையையோ நீட்டினால் வாங்காதீர்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். வாரம் மூன்று வகுப்பு தவறாமல் போனால் 27,000-க்கு ஒரு வகுப்பு 173 ரூபாய், மலிவுதான். மாதம் நான்கே முறை போனால் அதுவே 562 ரூபாய். அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களின் வருகைப் பதிவை வைத்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்தது போல ஆயிற்று. அதே இடத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகை 10 டாலர்தான். சேரும் நாளில் நாம் எல்லோருமே நம்மைப் பற்றி அதிகமாகக் கணக்குப் போடுகிறோம். உங்களுக்கோ பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம், கல்யாண மாதங்கள் எல்லாம் வரும். ஆழித்தேர் நாளில் தெருவிலேயே நுழைய முடியாது. முதல் மூன்று மாதத்தை மாதாமாதம் கட்டுங்கள், 9,600 ரூபாய் ஆகும். மாதக் கடைசிச் சலுகை அடுத்த மாதமும் வேறொரு பெயரில் வரும்.

கட்டுமுன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். நான் ஒரு முறை அப்படிப் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் முழங்காலைப் பிடித்ததும் பயிற்சியாளர் பாட்டை நிறுத்தாமலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க இதுல உட்கார்ந்து எழுந்தா போதும்" என்றார். மற்ற பெண்களும் திரும்பிப் பார்க்கவில்லை, அவர்களுக்கு அது பழகியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் என் சொந்தத் தங்கையையும் சேர்ப்பேன். மாத்திரை பற்றி நீங்கள் சொல்லும்போது எழுதிக்கொள்ளாமல் "ஒண்ணும் ஆகாது மேடம்" என்பவரிடம் ஒரு மாதம்கூட வேண்டாம்.

நீங்கள் சேருமுன் விழித்திரைப் பரிசோதனை, ஈசிஜி, பாத உணர்வுச் சோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால் மூச்சைப் பிடித்து எடை தூக்குவதும், தலைகீழாகக் குனிவதும், குதிப்பதும் கண்ணுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கும். நடைக்கு இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம்.

நாத்தனாருக்கு இத்தனை நிபந்தனை இல்லை. மாத்திரை இல்லாததால் சர்க்கரை தாழும் பயம் அவருக்கு அநேகமாகக் கிடையாது. வேக சைக்கிளை மட்டும் மெல்லத் தொடங்கினால் போதும். அவரை நான் அவசரப்படுத்துவேன். எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்துச் சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்படுத்தியதே சர்க்கரை நோய்க்கு மாறும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவும் இல்லை. அவர் கட்டணம் கட்டச் சிரமப்பட்டால் கமலாலயக் கரையும், வீட்டு நாற்காலியில் எழுந்து உட்காருவதும் அவருக்குப் போதும். முடிந்தால் இருவரும் ஒரே வகுப்பில் சேருங்கள். சர்க்கரை இறங்கும்போது உங்கள் முகம் மாறுவதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பையில் பொட்டலம் எந்த அறையில் இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள்.