ஆளுக்கொரு படிக்கல்

அன்புள்ள அண்ணா,
மகன் எம்எஸ் படிக்க அட்லாண்டா போறான். வாடகை கம்மினு கறுப்பர்கள் அதிகமா இருக்கற ஏரியால ரூம் பாத்திருக்கான். அமெரிக்க ஜெயில்ல பாதிக்கு மேல போதைக் கேசுல மாட்டின கறுப்பர்கள்தான்னு வாட்ஸப்ல வந்துச்சு, அதுல இருந்து தூக்கமே இல்ல. வேண்டாம்னு சொல்லிடவா? அங்க ராகிங் வேற இருக்குமா?
- சுந்தர்

அன்புள்ள சுந்தர்,
பிள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பற அப்பனுக்கு வயித்தக் கலக்கத்தான் செய்யும், புரியுது. ராகிங் கவலைய விடுங்க. ஆனா வாட்ஸப்ல வந்த ஒரு வரிய வச்சு ஒரு ஜனத்தையே எடை போட்டுட்டீங்களே, அது ரொம்பத் தப்பு. எல்லாக் கேசையும் சேத்தாலே அங்க ஜெயில்ல கறுப்பர்கள் பாதி இல்ல, மூணுல ஒரு பங்கு. ஊர்ல 13 சதவீதம் இருக்கறவங்க ஜெயில்ல எப்படி மூணுல ஒரு பங்கு ஆனாங்கனு கேக்கத் தோணலையா?

அதுக்கு ஒரு காரணம், 5 கிராம் போதைப்பொருளுக்குப் போட்ட ஒரு சட்டம். ஒரு வாரமா எனக்கு அந்த 5 கிராம் நெனப்புதான், அதான் உடனே எழுதறேன். 1986 ஜூன்ல லென் பயஸ்னு ஒரு கறுப்பின பாஸ்கெட்பால் பையன், பாஸ்டன் செல்டிக்ஸ் டீம் அவன எடுத்த ரெண்டாம் நாளே கொக்கெய்ன்ல செத்துப் போனான், நாடே பதறுச்சு, அந்த வருஷமே அவசரமா சட்டம் போட்டாங்க. அந்தச் சட்டப்படி, க்ராக்னு சொல்ற கட்டி கொக்கெய்ன் 5 கிராம் வித்து மாட்டினா குறைஞ்சது 5 வருஷம் உள்ள. பவுடர் கொக்கெய்னுக்கு அதே 5 வருஷம் கெடைக்கணும்னா 500 கிராம் வேணும். அந்தப் பவுடர்ல இருந்துதான் க்ராக்கே வருது, சரக்கு ஒண்ணுதான்! நேத்து கிச்சன் தராசுல சக்கரைய வச்சுப் பாத்தேன். லேசா கூம்பா ஒரு டீஸ்பூன் வச்சா 5 கிராம். பக்கத்துல பிரிக்காத அரைக்கிலோ பாக்கெட். ரெண்டுக்கும் அப்போ ஒரே தண்டனைங்க.

எங்கப்பா மளிகைக்கடை வச்சிருந்தார். எனக்குப் பத்து வயசு, கடன் சொல்லி வாங்கற பாட்டிதானேனு தேஞ்சுபோன கல்லப் போட்டு புளி நிறுத்தேன். அப்பா பாத்துட்டார். பாட்டி முன்னாடியே முதுகுல ஒண்ணு வச்சு, "ஆளுக்கொரு கல்லாடா வச்சிருக்க?"ன்னு கேட்டுட்டு, நல்ல கல்லப் போட்டு மறுபடி நிறுத்துக் குடுத்தார்.

அந்தச் சட்டத்துல கறுப்பன்னு ஒரு வார்த்த கெடையாது. ஆனா க்ராக் யூஸ் பண்ணவங்கள்ல பாதிக்குப் பாதி வெள்ளைக்காரங்கனு அரசாங்க சர்வேயே சொல்லுச்சு, 1992ல ஃபெடரல் கோர்ட்ல க்ராக் கேசுல தண்டனை வாங்கினதுல 90 சதவீதத்துக்கு மேல கறுப்பர்கள். போலீஸ் தெருமுனைல நிக்கறவன் பாக்கெட்டத்தான் தடவும், காலேஜ் ஹாஸ்டல் கதவத் தட்டாது. க்ராக், பவுடர் ரெண்டையும் ஒரே அளவாக்குங்கனு 1995ல அரசாங்கத்தோட தண்டனைக் கமிஷனே சொல்லுச்சு, அவங்க பார்லிமென்ட்டான காங்கிரஸ் முடியாதுன்னுடுச்சு, அந்த மறுப்புல அதிபர் கிளின்டனும் கையெழுத்துப் போட்டார். 2010லதான் அந்த நூறு மடங்கு வித்தியாசத்த 18 மடங்கு ஆக்கினாங்க. அந்தச் சட்ட மாத்தமும் ஏற்கெனவே உள்ள கெடந்தவங்களோட குறைஞ்சபட்ச தண்டனைக்கு 2018 வரைக்கும் பொருந்தல. அந்த எட்டு வருஷம் என்ன கணக்கு, சொல்லுங்க. பழைய கல்லுல நிறுத்தது தப்புன்னு ஒத்துக்கிட்டு, நிறுத்தத மட்டும் திருப்பித் தராம வச்சிருந்தாங்க.

ரூம் கேட்டீங்கல்ல, மறந்தே போனேன். மார்ட்டா, அதாவது அட்லாண்டா மெட்ரோ ரயில், ஸ்டேஷன் எவ்ளோ தூரம், ராத்திரி பஸ் உண்டானு பாக்கச் சொல்லுங்க, சரியா இருந்தா எடுக்கட்டும். போன மொத நாளே பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி தன் பேரச் சொல்லட்டும்.